பூதத்துக்கு வைத்த கூழ்

எனக்கு எழுபத்திரண்டு வயது. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தவள். யாரிடமும் கெஞ்சியதில்லை.

கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கும் என் பேத்தி மலர், ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதிகளோடு தாயக்கட்டை உருட்டி ஒரு கற்பனைக் கதை விளையாட்டு நடத்துவாள். அன்று ஓர் ஆள் குறைய, என்னையும் உட்காரவைத்தாள். அன்றைய கதை இது: கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் மருந்து இருக்கிறது. அது வராவிட்டால் ஒரு குழந்தை செத்துவிடும். வழியை ஒரு பூதம் மறிக்கிறது. பூதமாகப் பேசுகிறவள் மலர்தான்.

கத்தி எடுத்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள்.

"இப்ப நீ, ஆயா. சண்டதான் போடணும்னு இல்ல, பேசியும் பாக்கலாம்," என்றவள், உடனே குரலை மாற்றி, "என் மலையில இன்னா வேல ஒனக்கு?" என்று உறுமினாள்.

"வேல கெடக்கட்டும். சாப்ட்டியா நீ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதோடு நிற்காமல், எழுந்துபோய் நிஜமாகவே ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து வைத்தேன்.

"பூதத்துக்கு வெங்காயம் வேணாமா ஆயா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

மலர் சிரிக்கவில்லை. மெதுவாகக் குடித்து முடித்தாள். "உன் கையால கூழு குடிச்சிட்டு எப்பிடி மறிக்கிறது? போ," என்றது பூதம். குழந்தை பிழைத்தது.

எனக்குத்தான் இன்னும் குழப்பம். பெற்ற பிள்ளைகளை, தின்றுவிட்டுப் போ என்று அதட்டியிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டதாக நினைவில்லை. இல்லாத பூதத்திடம் அது எப்படி வந்தது?

மலரு, இங்க வா. இதப் படிச்சுக் காட்டு. நான் இன்னா எழுதியிருக்கேன்னு என் காதாலயும் கேக்கணும்.