பலகைத் தரையில் குடம் தண்ணீர்

நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிமேல் இந்த வகையில் போதும் என்று சாமிக்குத் தகவல் சொல்ல வைத்த பெயர் வேண்டா. சாமி கேட்டுக்கொண்டதோ இல்லையோ, மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கிற அந்தக் கடலோரக் குப்பத்தில் எந்த வீட்டில் என்ன காரியமென்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அடித்துப் பிடித்து வேலை செய்வாள். வாயும் சும்மா இருக்காது.

புருஷன் மாயவன் கட்டுமரத்தில் போய் வருவான். பிடித்ததைக் கூடையில் சுமந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் விற்று வருவது வேண்டாவின் பாடு. ஒரு மழைக்காலத்தில் கழுத்து எலும்பு பிசகி, கூடையை ஏற்றினால் கையே மரத்துப்போகிற நிலைமை வந்தது. அப்போதுதான் சவுக்குத் தோப்பை ஒட்டி ராஜகோபாலன் வீட்டில் வேலை கிடைத்தது. மனுஷர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டு வீட்டை விற்றுவிட்டு, கடல்காற்று வாங்க வேண்டுமென்று மனைவி கோமளத்தோடு இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டவர். ஒரே மகள் மானசா கல்யாணமாகி அமெரிக்காவில் இருந்தாள்.

வீட்டில் எல்லாம் சாதாரணம், ஹால் தரை மட்டும் தேக்குப் பலகை. செங்கல்பட்டில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது சும்மா கிடந்த பலகைகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஆசாரியை உட்காரவைத்து இழைத்துப் போட்டிருந்தார். கால் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். சாயங்கால வெயில் பட்டால் தேன் நிறத்தில் மினுங்கும். வேண்டாவுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் நாளே பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து வந்து சாய்க்கப் போனாள். ராஜகோபாலன் வேட்டி தடுக்க ஓடிவந்து பக்கெட்டைப் பிடுங்கினார்.

“தண்ணி பட்டா கட்டை உப்பிடும். துணியைப் பிழிஞ்சு தொடை. சொட்டு ஈரம் இருக்கப்படாது.”

“தண்ணி வுடாம எப்டி ஐயா வூடு சுத்தமாவும்?” என்று கேட்டாள் வேண்டா.

“அப்படிக் கேளு” என்றாள் உள்ளேயிருந்து கோமளம்.

அந்த ஒரு கேள்வியில் இரண்டு பெண்களும் ஒரு கட்சியாகிவிட்டார்கள். கோமளத்துக்குச் செங்கல்பட்டு வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் கூடத்தை அலம்பிவிட்டு, இழைக்கோலம் போட்டுப் பழக்கம். இங்கே கோலம் கூடாது, மாவு இடுக்கில் இறங்கிவிடும். வரலட்சுமி நோன்புக்குக்கூடக் கலசத்தைச் சமையலறையில்தான் வைத்தாள். “அலம்பாத கூடத்துல சாமி எப்படி வருவா?” என்று கேட்டுப் பார்த்தாள். “வந்தா காலைத் தொடச்சிண்டு வரட்டும்” என்றார் அவர். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

கட்சி என்னவோ கோமளம் கட்சிதான், ஆனால் வேலையென்று வந்தால் வேண்டா நேர்மையான ஆள். கடல்மணல்தான் அந்தத் தரைக்குப் பகை. செருப்பில், கூந்தலில், காற்றில் என்று எப்படியாவது உள்ளே வந்து பளபளப்பைத் தின்றுவிடும். காலையும் மாலையும் பூந்துடைப்பத்தால் பெருக்குவாள். பிழிந்த துணியால் மர ரேகை போகிற போக்கிலேயே துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தரம் இழுப்பாள். வருஷத்துக்கு ஒரு முறை, மழை விட்டபிறகு, தேன்மெழுகை உருக்கி டர்ப்பன்டைனில் கலந்து தடவி, பழைய கம்பளித் துணியால் கை வலிக்க வலிக்கத் தேய்ப்பாள். ராஜகோபாலன் கூடவே குந்திக்கொண்டு, தேய்த்த பலகையைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிப் பார்ப்பார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். மற்ற நாட்களில் அவர் சிரித்து வேண்டா பார்த்ததில்லை. கோமளம் பார்த்தாளா என்று கேட்கவும் தோன்றியதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் அவர் செத்துப்போனார். காலையில் காப்பி குடித்தவர், சாய்ந்த இடத்திலேயே போய்விட்டார். மகள் வந்து சேர நாளாகும் என்பதால் காத்திருக்கவில்லை. அவருடைய அண்ணன் மகன் அச்சுதன் கொள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. அந்தப் பலகைத் தரையில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனதும், வந்திருந்த பெண்கள் ஹாலை அலம்பிவிடச் சொன்னார்கள். பிணம் கிடந்த வீட்டைக் கழுவாமல் விடுவது குப்பத்திலும் இல்லை, அக்கிரகாரத்திலும் இல்லை. குடத்தோடு வந்த வேண்டாவுக்குக் கை ஓடவில்லை. கோமளத்தின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

“அம்மா, கட்டையாச்சே. ரவ தண்ணி தெளிச்சி, தொடச்சி வுட்டுடட்டா?”

கோமளம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்தான், ஆனால் குரலில் அழுகை இல்லை.

“ஊத்து. நெறைய ஊத்து.”

ஊற்றினாள். கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். போதுமா என்று பார்க்கும்போதெல்லாம் கோமளம் இன்னும் என்று தலையை ஆட்டினாள். பலகை இடுக்கில் தண்ணீர் களுக் களுக்கென்று இறங்கியது. இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் காத்ததை இப்படித் தன் கையாலேயே பாழாக்குகிறோமே என்று வேண்டா அழுதுகொண்டே ஊற்றினாள். அன்றைக்கு அவள் அழுததில் பாதி ஐயாவுக்கு, பாதி தரைக்கு.

பத்தாம் நாளுக்கு முன்னால் மானசா வந்து இறங்கினாள். அப்பா முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவள். ஹாலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். பலகைகள் ஓரம் தூக்கி, நடு குழிந்து, ஓடுகள் அடுக்கினமாதிரி கிடந்தன. மெழுகு வெளுத்துப்போய், அங்கங்கே கறுப்புத் திட்டு.

“யார் இப்படித் தண்ணி விட்டது?”

“நான்தாம்மா” என்றாள் வேண்டா.

“இத்தனை வருஷம் அப்பா படிச்சுப் படிச்சு சொன்னாரே. அவர் போற வரைக்கும் காத்துண்டு இருந்தியா? போதும். வேலைக்கு வேற ஆள் பாத்துக்கறோம். இதைப் பேத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம், என்னால பாக்க முடியலை.”

உள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கோமளம் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் தப்பாமல் அவள் காதில் விழுந்திருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை. வேண்டாவும் திறக்கவில்லை. தாலி போன வீட்டில் தாயையும் மகளையும் மூட்டிவிட்டுப் போவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

“நீ சொல்லிட்டு வந்திருக்கணும்” என்றான் மாயவன், வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு. “பழி மட்டும் ஒன்னுது, வார்த்தை அவங்களுதா?”

“வுடு. அந்தம்மா கேட்டுக்கினுதான் இருந்திச்சு. அதான் எனக்கு ஆறல.”

பரணிலிருந்து மீன்கூடையை எடுத்துத் தட்டி வெயிலில் வைத்தாள். கழுத்து இப்போதே வலிப்பதுபோல இருந்தது. காரியம் எல்லாம் முடிந்து சில நாட்கள் போனபிறகு, முக்குக் கடைக்குப் போன் வந்ததாக ஆள் வந்து சொன்னான். சவுக்குத்தோப்பு வீட்டு அம்மா உடனே வரச் சொன்னார்களாம். போகக்கூடாதென்று நினைத்தாள். கால் போய்விட்டது.

ஹாலில் டைல்ஸ்காரன் டேப்போடு நின்றிருந்தான். நடு ஹாலில், வளைந்த பலகைமேல் கோமளம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அளக்க விடாமல் அடம்பிடிக்கிறாள் என்பது மானசாவின் முகத்திலேயே தெரிந்தது. வேண்டா வாசலில் நின்றதும் கோமளம் மகளைப் பார்த்தாள்.

“இவளைத் திட்டினது தப்பு. ஊத்தச் சொன்னது நான்.”

“சரிம்மா. சாஸ்திரத்துக்குத்தானே சொன்னே” என்றாள் மானசா.

“சாஸ்திரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி போறும். அதை இவளே சொன்னா. நான்தான் குடம் குடமா ஊத்தச் சொன்னேன்.” கோமளம் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இந்த ஆத்துல ஒருநாளாவது என் வார்த்தை நடக்கட்டும்னு தோணித்து. அவரை வெளியில எடுத்துண்டு போயிருக்கா, நான் அதை நெனச்சிண்டிருக்கேன். உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

மானசா டைல்ஸ்காரனைத் திரும்பிப் போகச் சொன்னாள். அப்புறம் வேண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசுல வெச்சுக்காதே” என்றாள்.

பலகையை அவசரப்படாமல் ஆறவிட வேண்டும் என்றாள் வேண்டா. கட்டுமரத்துக் கட்டையைக் கொளுத்துகிற வெயிலில் போட்டால் வெடித்துவிடும், நிழலில்தான் போடுவார்கள், அந்தக் கணக்கில் சொன்னாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஃபேனைச் சுழலவிட்டு விட்டுவிட்டார்கள். மானசா ஊருக்குப் போகும்போது பலகைகள் பாதி படிந்திருந்தன. மீதி மெதுவாக இறங்கியது. சிலது இறங்கவே இல்லை. ஆசாரி வந்து அவற்றை இழைத்துவிட்டுப் போனார். மிச்ச வேலைக்குக் கோமளமும் உட்கார்ந்துவிட்டாள். உப்புத்தாள் போட்டுக் கறுப்பைத் தேய்த்தார்கள், மரத்தூளைத் துடைத்தார்கள், மெழுகைத் தடவினார்கள். கோமளத்துக்கு முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்தது. எழுந்து போகச் சொன்னால் கேட்கவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள் வேண்டா, தேய்த்துக்கொண்டே. கேட்காமல் விட்டால் அவளுக்கு ஆறாது.

“தைரியம் வரலைடி. நீ போனப்புறம் சாதம் எறங்கலை.”

ஜன்னலோரப் பலகையில் முதலாவதாகப் பளபளப்பு வந்தது. கோமளம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர் இருந்து இதைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?”

வேண்டாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லவும் தோன்றவில்லை.

“ரெண்டு பேரயும் கத்தியிருப்பாரு. அப்பால குந்திக்கினு கட்டையத் தடவிக் குடுப்பாரு. ஒன்கையி கொப்பளிச்சிக் கீதே, அதப் பாத்திருக்க மாட்டாரும்மா.”

சொன்னபிறகுதான் வாய் அதிகமாகிவிட்டதோ என்று பயந்தாள். கோமளம் தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்தபடியே புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவர் போன அன்றைக்கு அழுது தீராத அழுகையை அழுதாள். வேண்டா எழுந்துபோய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, அந்தக் கையைத் தன் மடிமேல் எடுத்துவைத்துத் தடவிவிட்டாள்.