மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை

ஜீவரத்தினம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதினோராம் வகுப்புக்குச் செல் சுவாசம் நடத்துகிறார். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகிறது. சர்க்கரை செல்லுக்குள் போய் இரண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிகின்றன. அதில் ஏ.டி.பி. உண்டாகிறது. விரலை மடக்குவதற்கும் இதயம் துடிப்பதற்கும் உடம்பு செலவழிப்பது அதைத்தான். ஒரு மூலக்கூறு சர்க்கரைக்கு எத்தனை ஏ.டி.பி. என்பது நூலுக்கு நூல் மாறும்.

"முப்பத்தாறுன்னு எழுது, முப்பத்தெட்டுன்னு எழுது, மார்க் போடுறேன். ரெண்டுன்னு மட்டும் எழுதிடாத," என்பார். வகுப்பு சிரிக்கும். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யாவிட்டால் கிடைப்பது இரண்டுதான். மிச்சம் லாக்டிக் அமிலமாகி இரத்தத்தில் தேங்கும்.

மகள் பிளஸ்ஸிக்கு நான்கு வயதானபோது அந்த வேடிக்கையை நிறுத்திக்கொண்டார்.

அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு சளிக்காய்ச்சலில் நினைவு தப்பியது. பரிசோதனைகள் எட்டு மாதம் நடந்தன. பிறவியிலேயே மைட்டோகாண்ட்ரியாவில் பழுது என்றார்கள். மருந்து இல்லை, பராமரிப்புதான். டாக்டர் நிஷா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாடு. விடியுமுன் ஒரு டம்ளர் பால். வயிறு காலியாகவே கூடாது. காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை.

செம்பாக்கத்தில் இரண்டாம் மாடி வீடு. அந்தத் தாளின்படி ஏழு வருடம் நடந்தது. நான்கு மணிப் பால் அவர் பொறுப்பு. காலை எட்டு மணி மனைவி ஜெயசீலியின் பொறுப்பு. மற்ற வேளைகளை யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு மட்டும் ஏம்பா பேட்டரி சீக்கிரம் தீருது?" என்று பிளஸ்ஸி ஒருநாள் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. செல்லைப் படம் போட்டுக் காட்டினார்.

"அப்ப கேஸ் இருக்கு, அடுப்புதான் பத்தல."

"கிட்டத்தட்ட அதான்."

"ரெகுலேட்டர் மாத்த முடியாதா?"

"முடியாதும்மா."

"அம்மா மாறும்ங்கிறாங்க."

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில், ஒவ்வொரு வருடமும் நாற்பது நாளும் ஜெயசீலி மகளுக்காக உபவாசம் இருப்பாள். மாலை வரை தண்ணீர் மட்டும். வெள்ளிதோறும் சபையின் பெண்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். அவர்களில் மூத்தவள் சாராள். போன வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளியன்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ ஒருத்தி இருந்தா போதாது ஜெயசீலி. வீட்ல எல்லாரும் ஒரே மனசா இருக்கணும். சாரையும் இருக்கச் சொல்லு."

பிளஸ்ஸி கூடத்தில் உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது.

பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். சபையே சாப்பிடாமல் வரும். முடிந்ததும் ஆலய வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். அந்த வருடம் ஜீவரத்தினமும் உபவாசம் இருந்தார். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. மனைவி கேட்டாள், இருந்தார்.

காலையில் ஜெயசீலி மூன்று இட்லியை மகளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நாற்காலி போடும் வேலை இருந்ததால் அவர் முன்னதாகவே ஆலயத்துக்குக் கிளம்பிவிட்டார். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கொடுக்க வேண்டிய பிஸ்கட்டும் வாழைப்பழமும் ஒரு டப்பாவில் அவர் பையில் இருந்தன.

அந்த ஆலயத்தில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் போய்வரலாம். பிளஸ்ஸி வந்ததும் அவரிடம் வந்து உட்கார்ந்தாள். அவர் டப்பாவை எடுத்தார்.

"வரும்போதே அம்மா பழம் குடுத்துட்டாங்கப்பா."

பிறகு அம்மாவிடம் போனாள். "அப்பாகிட்ட சாப்ட்டேன்," என்றாள். இரண்டு மணிக்கும் அப்படியே. ஐந்தாம் வார்த்தைக்குப் பிறகு அவர் தோளில் சாய்ந்தாள். நெற்றி சுட்டது. சித்திரை வெயில், தகரக் கூரை, மேலே சுற்றியும் காற்று வராத மின்விசிறி. வெயில்தான் என்று நினைத்தார்.

ஆறாம் வார்த்தை முடிந்தபோது அவள் மூச்சு வேகமாக இருந்தது. ஆழமான, ஓடி வந்தவளின் மூச்சு. அந்த மூச்சு எதனால் வரும் என்று அவருக்குத் தெரியும். இரத்தத்தில் அமிலம் ஏறினால் உடம்பு அப்படித்தான் மூச்சு விட்டு அதைக் குறைக்கப் பார்க்கும். தூக்கிக்கொண்டு பக்கவாட்டு அறைக்குள் போனார்.

"என்ன சாப்ட்ட? உண்மையச் சொல்லு."

"நாலு மணிப் பால்." கண்களைத் திறக்காமல் பேசினாள். "நானும் இருந்தேம்பா. வீட்ல எல்லாரும் இருந்தாதானே. இன்னும் ஒரு வார்த்தைதான்."

வாழைப்பழத்தைப் பிசைந்து வாயில் வைத்தார். விழுங்க முடியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. அழுவாங்க."

ஜெயசீலி ஓடி வந்தாள். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார்கள். கேம்ப் ரோடு சிக்னலில் தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன.

"இன்னா சார் கொழந்தைக்கு? மூச்சு ஒரு மாதிரி கீது," என்றார் டிரைவர். "பேஜாரா கீதே. புடிச்சிக்கோ சார், சந்துல பூந்து போறேன்."

அவசரப் பிரிவில் டாக்டர் நிஷா கேட்டார்: "கடைசியா எப்ப சாப்பிட்டா?"

"காலைல எட்டு மணிக்கு மூணு இட்லி," என்றாள் ஜெயசீலி. "அப்புறம் இவங்க குடுத்தாங்க." கணவரைப் பார்த்தாள்.

அவர் டாக்டரை வெளியே வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "நாலு மணிப் பாலுக்கு அப்புறம் எதுவுமே இல்ல டாக்டர். அவளே சாப்பிடாம இருந்துட்டா. அவங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இரத்தத்தில் லாக்டேட், அந்த அமிலத்தின் அளவு, இரண்டுக்குள் இருக்க வேண்டும். பத்தொன்பது இருந்தது. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு மதியம் டாக்டர் விளக்கினார். "இப்ப சர்க்கரைக்குக் குறைவில்ல சார். உள்ள போகுது. ஆனா எரியல. எரியாதது எல்லாம் திரும்ப அமிலமா..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "சாரி சார். உங்களுக்குத் தெரியும்."

"சொல்லுங்க," என்றார் ஜீவரத்தினம்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு பிளஸ்ஸி இறந்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஜீவரத்தினம் அவள் பள்ளிப் பையை ஒழித்தபோது நோட்டுத்தாளில் சுற்றிய மூன்று இட்லிகள் கிடைத்தன. ஜெயசீலி உள்ளறையில் படுத்திருந்தாள். கீழே போய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். பையைத் தோய்த்து மாடியில் காயவைத்தார்.

அன்று மாலை ஜெயசீலி பிஸ்கட் டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். பிஸ்கட் குறையவே இல்லை. வாழைப்பழம் ஒன்று கறுத்துப்போயிருந்தது.

"அப்பாகிட்ட சாப்ட்டேன்னு சொன்னாளே."

அவர் டப்பாவையே பார்த்தார். "தர்றேன்னு சொன்னேன். பிரசங்கத்துல மறந்துட்டேன். நீ கோவிச்சுப்பன்னு உங்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பா."

"ரெண்டு தரமும்?"

"ரெண்டு தரமும்."

"ஏழு வருஷத்துல ஒருநாள் மறந்ததில்லையே நீங்க."

"அன்னிக்கு மறந்துட்டேன்."

அவள் கத்தவில்லை. மறுவாரம் மேடவாக்கத்தில் தம்பி ஜெர்சன் வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். செய்தி சபையில் பரவியது. ஆராதனை முடிந்து கைகொடுக்க வருபவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாராள் மட்டும் ஒருமுறை நின்றாள். "பெத்த புள்ளையோட பசி எப்படி சார் மறக்கும்?" என்றாள். அவளிடம் சொல்ல ஒரு வாக்கியம் அவரிடம் இருந்தது. "மறந்துடுச்சும்மா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இந்த வருடம் லெந்து தொடங்குமுன் ஜெயசீலி வந்தாள். துணிமணி எடுக்க வந்ததாகச் சொன்னாள். எதையும் எடுக்கவில்லை. இளைத்திருந்தாள். அவர் காபி போட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். என்னைப் பாத்து சொல்லுங்க. நிஜமாவே மறந்துட்டீங்களா? இல்ல அவ..." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்காக எதாவது பண்ணிட்டாளா? தினம் அந்த நெனப்புதான் வருது. சாப்பாடு எறங்கல."

நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அவளுக்கு நல்லா பசிச்சுது ஜெயா. கேட்டா. நான்தான் இரு இருன்னு சொன்னேன். அப்புறம் மறந்துட்டேன்."

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்வதை அவர் பார்த்தார். அதன் பிறகு அவள் கண்களில் வந்ததையும் பார்த்தார்.

"உங்கள என்னால மன்னிக்க முடியாது."

"வேணாம்."

ஆறிப்போன காபியை முழுக்கக் குடித்தாள். அவர் தட்டில் வைத்திருந்த பன்னையும் பிய்த்துப் பிய்த்துத் தின்று முடித்தாள். கையைக் கழுவிக்கொண்டு, மேடவாக்கம் பஸ் ஐந்தரைக்கு என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.