பத்தாயிரத்துக்கு மேல் ஒன்று

எங்கள் ஊரில் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பத்தைத் தலைக்கட்டு என்பார்கள். ஆம்பளை இருக்கிற வீடுதான் அந்தக் கணக்கில் சேரும். முத்தழகின் புருஷன் கல்யாணமான மறு வருஷமே அவளை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். அதற்குப் பிறகு அவளே வரியைக் கொண்டுபோய் நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். மிளகாய்க் காட்டில் எல்லாருக்கும் முன்னால் தன் நிரையைக் களையெடுத்து முடிக்கிறவள், கோயில் கணக்கில் மட்டும் ஆளே இல்லை. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்த மகராசனை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

எண்பத்தாறில் கண்மாய் நிறைந்தது. நேர்ந்துகொண்டபடி அம்மனுக்கு விளக்குப் போடுவது என்று முடிவானது. நூறு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு நூறு விளக்கு. பத்தாயிரம். மொய்யைக்கூட நூற்றியொன்றாக எழுதுகிற ஊர். சைபரில் முடிந்தால் ஆகாது. அதனால் மேலே ஒன்று.

"ஏத்தா முத்தழகு, அந்த ஒன்னை நீ வையி," என்றார் ஊர்த் தலைவர் வீரபத்திரன். கெட்ட மனுஷர் இல்லை, நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "நூறு வரிசை, வரிசைக்கு நூறு. ஒன்னோடதை ஓரமாத் தனியா வச்சிரு."

முத்தழகுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தனியா வைக்க மாட்டேன்யா. அம்புட்டும் சமமா வரிசையில நிக்கிற மாதிரி நான் அடுக்கித் தாரேன்."

"எப்படி அடுக்கினாலும் ஒன்னு மிஞ்சத்தானே செய்யும்?"

"மிஞ்சாம அடுக்கிட்டா?"

"அப்படியே வச்சுக்கிருவோம்," என்று சிரித்தார்.

அவளிடம் இருந்தது ஐந்தாம் வகுப்பில் படித்த வகுத்தல் கணக்கு மட்டும்தான். வேலை விட்டு வந்ததும் கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பத்தாயிரத்து ஒன்றை மூன்றால் வகுத்தாள், இரண்டு மிஞ்சியது. ஏழுக்கு ஐந்து மிஞ்சியது. பதினொன்றுக்கு இரண்டு. மூன்றில் மிஞ்சுவது ஆறிலும் ஒன்பதிலும் மிஞ்சத்தான் செய்யும் என்று பிடிபட்டதும் முக்கால்வாசி எண்களைத் தள்ளிவிட்டாள். நூற்றைத் தாண்டிப் போகவும் வேண்டியதில்லை. வரிசைகள் நூற்றுக்கு மேல் போனால், வரிசைக்குள் விளக்கு நூற்றுக்குக் கீழே வந்துவிடும். ஆகவே நூற்றுக்குள் ஒன்று அகப்பட்டாக வேண்டும். அகப்படாவிட்டால் அது எதற்கும் வகுபடாத எண். அவள் விளக்கு ஓரத்தில்தான்.

ஐம்பதைத் தாண்டியும் ஒன்றும் வழிக்கு வரவில்லை. சுவர் முழுக்கக் கரி. பக்கத்து வீட்டு ராக்கு எட்டிப் பார்த்து, "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாடி?" என்றாள்.

"பிடிச்சா பிடிக்கட்டும். நூறு வரைக்கும் பாத்துட்டுத்தான் விடுவேன்."

எழுபத்தொன்றில் அறுபத்தொன்று மிஞ்சியது. எழுபத்து மூன்றில் மீதி இல்லை. ஈவு நூற்று முப்பத்தேழு. பிசகியிருக்குமோ என்று திருப்பிப் பெருக்கினாள். பத்தாயிரத்து ஒன்றுதான். அதன் பிறகுதான் அழுதாள்.

திருவிழா அன்று கண்மாய்க்கரைப் பொட்டலில் கயிறு பிடித்து இடம் குறித்தவள் அவள்தான். எழுபத்து மூன்று வரிசை, வரிசைக்கு நூற்று முப்பத்தேழு. ஊரே குனிந்து அடுக்கியது. ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஏற்றினார்கள். வீரபத்திரன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இதுல ஒன் விளக்கு எதுத்தா?"

"தெரியலையேய்யா. ஒங்களோடது எது?"

அவர் தேடிப் பார்த்தார். நூறு விளக்குக் கொடுத்தவருக்கு ஒன்றைக்கூடக் காட்டத் தெரியவில்லை.