சொல்தா வூடு

பாகூருக்கு வந்து உலகநாதன் வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு உலகநாதன்கள் இருக்கிறார்கள். சொல்தா வூடு என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விடுவார்கள். அதில் ஒரே ஒரு சங்கடம்தான். அவர் சொல்தா இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கிருந்து பென்ஷன் வரும். பிரெஞ்சுப் பிரஜை என்பதற்கான பேப்பர் இருக்கும்; அந்த வீட்டில் பெண் கட்டினால் மாப்பிள்ளையும் பிரான்சுக்குப் போகலாம். சொல்தா வீட்டில் பெண் இருக்கிறது என்றால் அவள் கறுப்பா சிவப்பா என்றுகூட யாரும் கேட்பதில்லை. பேப்பர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

உலகநாதன் மாமா என் அக்கா கனகாம்பாளின் கணவர். பட்டாளத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு, படிக்கிற காலத்தில் என்.சி.சி. முகாமுக்குப் போய் இரண்டாம் நாளே வயிற்றுவலி என்று திரும்பியதோடு முடிந்தது. திருபுவனையில் மோட்டார் மூடிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் இருபது வருடமாக வேலை. இருபது வருடமும் ஒரே சாம்பல் நிறம். அந்த மனிதரை வேறு நிறத்துக்கு அழைத்துப்போனவர் சார்லஸ்.

சார்லஸ் டவுனில் இருக்கிறார். அந்தக் கம்பெனிக்குப் பெயிண்ட் சப்ளை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மூன்று நண்பர்களும் பெரிய மேஜை போட்டு, எப்போதோ முடிந்துபோன யுத்தங்களைத் தாயக்கட்டையும் அளவு டேப்பும் வைத்துத் திரும்ப நடத்துவார்கள். நான்கு பேருமே பேரன் எடுத்தவர்கள். அதற்கான உலோகச் சிப்பாய்கள் வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரும். பாதி விரல் உயரம், நிறம் கிடையாது, நாம்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். சார்லசுக்குக் கை நடுங்கும். கீறல் விழுந்த மூடியைக் கீறலே தெரியாமல் சரிசெய்கிற மாமாவைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு சிப்பாய்களை ஒரு சோப்பு டப்பாவில் போட்டுக் கொடுத்துப் போனார். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. மாமா இன்னும் நிமிரவில்லை.

பிசிறைத் தேய்த்து எடுப்பார். கறுப்பு அடிப்பார். கோட்டுக்கு நீலமோ சிவப்போ, பொத்தானுக்குப் பித்தளை, கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி வைக்கும்போது வீட்டில் மிக்சி ஓடக்கூடாது. கடைசியாக ஒவ்வொரு ஆளையும் ஒரு சின்ன வட்டத் தகட்டில் நிறுத்தி, பசை தடவி, மண் தூவி, தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல் வைப்பார். மண் பாகூர் ஏரி மண். அதைச் சலித்தே அக்காவின் டீ வடிகட்டிகள் மூன்று நாசமாயின.

பாகூர் மண்ணுக்குக் காரணம் உண்டு. 1752-இல் பிரெஞ்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் நம் பாகூர்ப் பக்கத்தில்தான் அடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். இரண்டு பக்கமும் நம் சிப்பாய்கள் நின்றிருக்கிறார்கள். அந்தச் சண்டையை முழுதாகச் செய்து தரவேண்டும் என்று சார்லஸ் கேட்டார். பெட்டியோடு வந்த தாளில் வெள்ளைக்காரனின் தோலுக்கு மூன்று நிறம் கலக்கச் சொல்லியிருந்தது. சிப்பாய்களுக்கு ஒரே ஒரு பழுப்பு. மாமா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பிரஷைத் தொடவில்லை.

“ஒரு தபா நம்ம பஸ்ஸுல ஏறிப் பாத்துட்டு எழுதியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து வில்லியனூரில் பஸ் மாறித் திருபுவனை போகிறவரைக்கும் மனிதர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவார். வந்து கலப்பார். பதினான்கு பழுப்பு ஆயிற்று. நிறத்தோடு நிற்காமல் முகமும் வர ஆரம்பித்தது. பால்காரர் தங்கவேல் துப்பாக்கியோடு மண்டியிட்டிருக்கிறார். நானும் இருக்கிறேன். வாய்க்கால் ஓரம் மல்லாந்து செத்துக் கிடக்கிறேன். ஏன் மாமா என்று கேட்டதற்கு, படுத்திருக்கிற ஆளுக்கு உன் மூஞ்சிதான் பொருத்தமாக இருந்தது என்றார். இதற்குமேல் அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து? ஆனாலும் சொல்கிறேன்.

இப்படித்தான் ஊர் அவரைச் சொல்தா ஆக்கியது. கேலிக்கு வைத்த பெயர் வீட்டுக்கே நிலைத்துவிட்டது.

அவருடைய ஒரே பெண் வெண்ணிலா லேப் டெக்னீசியன். மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, போய்ச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் புடவையை மடித்து பீரோவில் வைத்தாள். “இன்னும் ஒரே ஒரு வாட்டி மாமா. அதுவும் தட்டிப்போச்சுன்னா காபித் தட்டு தூக்கிக்கினு இனிமே எவன் எதிர்லயும் வந்து நிக்க மாட்டேன்” என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் மாமா தாமாக வாய் திறந்தார். வில்லியனூரில் பஸ் ஏறுகிற பையன் ஒருவன், பேர் கலைவேந்தன், ஒதியம்பட்டு, விசாரி என்றார். ஏன் என்று சொல்லவில்லை. விசாரித்தேன். நம் ஜனம்தான். திருபுவனையில் சூப்பர்வைசர், கெட்ட பழக்கம் இல்லை. பையனும் பெண்ணும் இரண்டு முறை போனில் பேசினார்கள். வெண்ணிலா பீரோவிலிருந்து புடவையை எடுத்தாள்.

பையனின் அப்பா வீரமணி கரும்பு வைத்திருக்கிறார். ஒதியம்பட்டு டீக்கடையில் அவருக்கு வழி சொல்லும்போது வாய் தவறியா, பழக்கத்திலா, “பாகூர் வந்து சொல்தா வூடுன்னு கேளுங்க” என்றேன். சொல்தா வூடா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். ஆமாங்க என்றேன். உடனே எனக்கு இன்னொரு டீயும் ஒரு பன்னும் சொன்னார். என் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து அந்தப் பன்னைத் தின்றேன்.

ஞாயிறு காலை வந்தார்கள். அக்கா கேசரி, வடை, எட்டு வகை கூட்டோடு சாப்பாடு எல்லாம் செய்து வைத்திருந்தாள். பேசி முடித்துவிட்டுக் கை நனைக்கிறோம் என்றார் வீரமணி. அது முறைதான். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பிறகு மாமா பக்கம் திரும்பி, எத்தனை வருடம் என்று கேட்டார்.

“பதினோரு வருஷம்” என்றார் மாமா.

எந்த ஊரில் சண்டை என்று கேட்டார். பாகூரில்தான் என்றார் மாமா. வீரமணி கொஞ்சம் யோசித்தார். பட்டாளத்து ரகசியம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். உங்கள் கையில் எத்தனை ஆட்கள் இருந்தார்கள் என்றார். முந்நூற்று இருபது, இரண்டு பக்கமும் சேர்த்து என்றார் மாமா.

“ரெண்டு பக்கமுமா?”

“ஒரு பக்கம் மட்டும் இருந்தா சண்டை எப்படிங்க நடக்கும்?”

வீரமணி குரலைத் தாழ்த்தினார். “பேப்பர்லாம் சரியா இருக்குதா?”

“நானூறு, அறநூறு, ஆயிரம், மூணும் இருக்குதுங்க. மூஞ்சிக்கு ஆயிரந்தான் நல்லது.”

அது பிசிறு தேய்க்கிற உப்புத்தாள் நம்பர். அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்தப் பன் எதற்கு என்று விளங்கிற்று. நடுவில் புகுந்து நிறுத்தியிருக்க வேண்டும். மாமாவின் முகத்தைப் பார்த்தேன், நிறுத்த முடியவில்லை. பதினோரு வருடத்தில் அவர் வேலையைப் பற்றி வரிசையாக நான்கு கேள்வி கேட்ட முதல் மனிதர் வீரமணிதான். பாவி, நானும் கேட்டதில்லை. மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க, காட்டுறேன்” என்று எழுந்தார்.

பின்கட்டு அறையில் மேஜை முழுக்கப் பாகூர் விரிந்திருந்தது. பனைமரம், வாய்க்கால், இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. வீரமணி சுவரில் மெடல் தேடினார். காலண்டர்தான் இருந்தது. திரும்பி மேஜையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். ஊர் வைத்த பெயரைப் பற்றி நான் உளறிக்கொட்டினேன். வாசற்படியில் வெண்ணிலா காபித் தட்டோடு நின்றாள்.

மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரிப்பு போய்விட்டது. “நான் இந்தியாவ வுட்டே போனதில்லைங்க” என்றார்.

கலை, கிளம்பு என்றார் வீரமணி. பையன் கிளம்பவில்லை. மேஜைமேல் குனிந்திருந்தான்.

“அப்பா, இத கொஞ்சம் பாருங்க.”

சிதறுகிற பிரெஞ்சுப் படையின் நடுவில் ஒரு சிப்பாய் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கின காது. அந்தத் தழும்பும் அந்தக் காதும் எதிரே நின்ற பையனுக்கும் இருந்தன. அதே காது வீரமணிக்கும் இருந்தது.

“இவரு தெனம் பஸ்ஸுல என்ன மொறச்சிக்கினே வருவாருப்பா. நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரியல” என்றான் கலைவேந்தன்.

வீரமணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மிகவும் பக்கத்தில் போய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குறையாகத்தான் கேட்டார். “எம் புள்ளைய ஏன் தோத்த கட்சியில வெச்சீங்க?”

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ரெண்டு வருஷமா பாக்குறேங்க. யாராவது வயசானவங்க, புள்ளத்தாச்சி ஏறிட்டா எழுந்து எடம் குடுத்துடுவாரு. அவரு உக்காந்துகினு வந்து நான் பாத்ததே இல்ல. செயிச்ச பக்கம் யார் வேணா நிப்பாங்க. இந்தப் பக்கந்தாங்க நிக்கிறதுக்கு ஆளு தேவைப்பட்டுது.”

வீரமணி கண்ணாடியை இறக்கினார்.

“கை கழுவணுமே” என்றார்.

சம்பந்தத்தைத்தான் கை கழுவுகிறார் என்று நினைத்தேன். வெண்ணிலாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் வீரமணி சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு, கை நனைக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவளையே கேட்டார். நான்தான் ஓடிப்போய், மாமா பிரஷ் அலசுகிற சொம்பை ஒதுக்கிவிட்டு, நல்ல சொம்பு ஒன்றில் தண்ணீர் மொண்டு வந்தேன்.