மெடிக்கலுக்கு எந்தக் கிழமை ஓய்வு?

மெடிக்கல் கடை வைத்திருக்கும் நாங்கள், ஷட்டரை இறக்கிய பிறகு கேட்கும் சத்தத்தை வைத்தே வந்திருப்பது என்ன நோய் என்று சொல்லிவிடுவோம். நாணயத்தால் தட்டினால் தலைவலி. உள்ளங்கையால் அடித்தால் வயிற்றுப்போக்கு. தட்டாமல் தொண்டையை மட்டும் கனைத்தால், பெண்பிள்ளையிடம் பெயர் சொல்லிக் கேட்க முடியாத சாமான். ஆனால் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டி ஒரு மணி நேரம் இருக்கும், வெளியே கேட்டது இதில் எதுவும் இல்லை. மெல்லிசாக ஒரு விசில். விட்டு விட்டு வந்தது.

விசில்

எங்கள் கடை ஜெயங்கொண்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் போகிற ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு. பார்மசி படித்தது நான், லைசென்ஸும் என் பெயரில்தான். வீட்டுக்காரருக்கு அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமைப் பூசை பார்த்து வளர்ந்தவர்கள். அவருக்கு மாதா கோயில் ஊரான வரதராஜன்பேட்டை, எனக்குக் கான்வென்ட் படிப்பு. போன வருஷம் அவர் பெரம்பலூரில் சனிக்கிழமை கூடுகிற ஒரு சபையில் சேர்ந்தார். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாய்கிற வரை வேலையும் கூடாது, விற்கவும் கூடாது என்றார். சிஸ்டர்கள் எனக்கு அந்த ஓய்வுநாள் விதியை மூன்றாம் கட்டளை என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர் சபையில் அது நான்காம் கட்டளை. எண்ணிலேயே ஒத்துப்போகாதவர்கள் கிழமையில் எப்படி ஒத்துப்போவது?

அது நாங்கள் அடைத்த முதல் வெள்ளிக்கிழமை. "பூனையா இருக்கும், விடு" என்றார் வீட்டுக்காரர். எனக்கு அப்போது பத்து மாதக் குழந்தை. அந்த விசில் எதுவென்று என் மார்புக்குத் தெரிந்தது. ஷட்டரைத் தூக்கினேன். படியில் ஒரு பெண், மடியில் நாலு வயதுப் பெண்குழந்தை. இழுப்பு. மூச்சுதான் விசிலாக வந்துகொண்டிருந்தது. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. இன்ஹேலர் பம்பை எடுத்து, அடிக்கக் காட்டிக்கொடுத்து, குழந்தை ஒரு வழியாக மூச்சு விட்டதும், ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "அடைச்சிருந்துச்சுங்க. காலையில தொறப்பீங்கன்னு உக்காந்துட்டோம்."

ஊசி

அடுத்த வெள்ளி, மாலை ஆறரை. கீழத்தெரு அக்கா ஒருவர், புருஷனுக்கு இன்சுலின் போடுகிறவர், சிரிஞ்சு கேட்டு வந்தார். வீட்டுக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். நான் தயங்கித் தயங்கி, இன்றைக்கு இந்நேரத்துக்கு மேல் கொடுப்பதில்லை அக்கா, எங்கள் வேதத்தில் ஒரு முறை என்று ஆரம்பித்தேன். சண்டை வரும், நானும் தோற்றுப்போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

அந்த அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். தப்பு செய்துவிட்டது நானல்ல, அவர்தான் என்பதுபோல இரண்டடி பின்னால் போனார். பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவதைக் காட்டிச் சொன்னார்: "விளக்கு வெச்சப்புறம் ஊசி கேக்கலாமா நான்? உங்க வூட்லயும் அந்த முறை உண்டுன்னு தெரியாமப் போச்சுங்க, நாளைக்கு வரேன்."

நான் சிரிஞ்சோடு தெருமுனை வரை ஓடித்தான் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று அவர் செய்த தகராறு தனி.

பெருமாள் கிழமை

அந்த ரெண்டு வாரத்தில் புரட்டாசி பிறந்தது. சனிக்கிழமை கடை அடைத்துக் கிடந்ததை, கேட்டுத் தெரிந்துகொள்ளாமலே பெருமாள் விரதம் என்று ஊர் புரிந்துகொண்டது. ஞாயிறு காலை பால்காரம்மா துளசியும் ஒரு பொட்டலம் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார். நான் கழுத்துச் சிலுவையைக் காட்டி, நாங்கள் வேறு காரணத்துக்காக அடைக்கிறோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, என் ரகசியத்தைக் காப்பாற்றுகிற மாதிரி சொன்னார்: "சாமி மாறுனத வெளிய சொல்லாட்டிப் போங்க, கிழமைய விட்றாதீங்க."

இலவசம்

வீட்டுக்காரரை நான் கொடுமைக்காரராகக் காட்டக் கூடாது. சனிக்கிழமை லீவுக்காக மாதம் பூராவும் மற்றவர்களின் நைட் ஷிப்டைச் செய்துவிட்டு, கண் சிவந்து வருகிறவர். இழுப்புக் குழந்தை விஷயத்தை அவரே மூப்பரிடம் கேட்டு வந்தார். மூப்பர் அந்தச் சபைக்குப் பெரியவர். மருந்து கொடுப்பது இரக்கம், அது கூடும். காசு வாங்குவதுதான் வியாபாரம், அது கூடாது என்று சொல்லி அனுப்பினாராம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவது சனிக்கிழமை, காசில்லாமல் மருந்து என்ற சேதி பரவி, காலை எட்டு மணிக்குப் பதினாறு பேர் நின்றார்கள். அவசரம் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். இருமல், சேற்றுப்புண், முடிகொட்டல், மாமியாருக்கு மூட்டுவலி. கடைசியில் நின்ற முந்திரிக்காட்டு ஆள் ஒருவர் தலைச்சாயம் கேட்டார். இதுவா அவசரம் என்றேன். "நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோங்க, எனக்குத்தான்."

காஸ் மாத்திரை

ஞாயிற்றுக்கிழமைக்காரர்களையும் விட்டுவைக்கக் கூடாது. பூசை முடிந்து வந்த எங்கள் பங்குக் கோயிலின் உபதேசியார், கல்லா முன்னால் நின்று கால்மணி நேரம் என்னைத் திட்டினார். புருஷன் வழிதவறிப் போனான், நீயாவது ஆண்டவருடைய நாளில் கடை திறக்கலாமா, சிஸ்டர்கள் உனக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்றார். நான் தலை குனிந்து நின்றேன். ஷட்டர் கம்பியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவர் பதறினார்: "இரு இரு, அந்த காஸ் மாத்திரை ஒரு அட்டை குடுத்துட்டு அடை."

மதியம் இரண்டு மணி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசக் கூத்து முடிந்த பிறகு நான் சனிக்கிழமைகளில் வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். அவர் பெரம்பலூர் போய்விடுவார். அப்படி ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, காய்ச்சலில் கிடந்த பாப்பாவுக்கு வெட்டு வந்தது. கண் மேலே சொருகி, கை கால் இழுத்து, இரண்டு நிமிஷம். எத்தனை தாய்மாருக்குக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து தைரியம் சொல்லியிருக்கிறேன்! ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகும் வரை என் பெயரே எனக்கு ஞாபகம் இல்லை. காய்ச்சலில் சின்னக் குழந்தைகளுக்கு வருவதுதான், வளர்ந்தால் போய்விடும் என்றார் டாக்டர். நான் படித்ததும் அதுதான்.

சாயங்காலம் மூப்பர் போன் செய்தார். அன்பாகத்தான் விசாரித்தார். பாப்பாவுக்காக எல்லோரும் ஜெபித்தோம் என்றார். வைக்கப் போகும்போது கேட்டார்: "சனிக்கிழமைதானம்மா நடந்துச்சு?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. சனிக்கிழமை திறந்தால் ஒரு பக்கத்துக் கடவுள், ஞாயிற்றுக்கிழமை திறந்தால் இன்னொரு பக்கத்துக் கடவுள், நடுவில் என் குழந்தையின் நெற்றி. ராத்திரி மூன்று தடவை எழுந்து தெர்மாமீட்டர் வைக்கிறவளுக்கு எந்தக் கட்டளை எத்தனையாவது என்பதெல்லாம் கலங்கிப் போகும்.

கண்டக்டர் கேட்டது

மூப்பர் என் பதிலுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார். சனிக்கிழமை அடைப்பாயா, மாட்டாயா? மாட்டேன் என்றால் வீட்டுக்காரர் ஆலை வேலைக்குப் பெரம்பலூரிலிருந்தே போய் வருவார், சபைக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் அறை தயார் என்று பேச்சு. வீட்டுக்காரர் தன் வாயால் என்னிடம் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

தவணை முடிந்த சனிக்கிழமை, ஆராதனை முடிந்து மூப்பரே நேரில் வந்தார். கடையில் அப்போது இடுப்பு வலிக்குத் தைலம் வாங்க வந்த பஸ் கண்டக்டர் ஒருவர் மட்டும். ஓய்வுநாளின் அருமையை மூப்பர் எனக்குச் சொல்லச் சொல்ல, கண்டக்டரும் தைலத்தைக் கையில் வைத்தபடி கேட்டார். பிறகு மரியாதையாகக் குறுக்கிட்டார். ஐயா எப்படி வந்தீங்க என்றார். பஸ்ஸில் என்றார் மூப்பர். "நீங்க ஓய்வா உக்காந்து வரதுக்கு நான் நின்னுட்டு வரணுங்களே, அப்ப எனக்கு எந்தக் கிழமைன்னு வேதத்துல போட்டிருக்குங்களா?"

மூப்பர் கோபப்படவில்லை. யோசிக்க வேண்டியதுதான் தம்பி என்றார். கண்டக்டர் போனதும் என் பக்கம் திரும்பினார். நான் தைலக் காசைக் கல்லாவில் போட்டேன். "அடைக்க மாட்டேங்க ஐயா. ரெண்டு வாரம் அடைச்சுப் பாத்தேன். உள்ள உக்காந்தா ஜெபம் வரல, வெளிய யாரு உக்காந்திருக்காங்கன்னுதான் காது போகுது. அப்படி ஒரு நாளைக் கடவுளுக்குன்னு எப்படிங்க குடுக்கிறது? எங்க வீட்டுக்காரர் உங்ககூட சனிக்கிழமை கும்புடட்டும், நான் குறுக்க நிக்கல." மூப்பர் கேட்டது ஒன்றுதான்: "பயமா இல்லையாம்மா உனக்கு?"

பொழுது சாய்ந்த பிறகு

பயம் இல்லாமல் என்ன! அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் பெரம்பலூர் கிளம்பினபோது பை பெரிதாக இருந்தது. இரண்டு கைலி, ஷேவிங் செட், ஷிப்ட் சட்டை. ஒரு நாள் ஆராதனைக்கு ஷேவிங் செட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. போயிட்டு வரேன் என்றாரா, போறேன் என்றாரா என்று சனிக்கிழமை முழுக்க, மாத்திரை வெட்டிக் கொடுத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தது. ஏழானது, எட்டானது. கடையை அடைத்து, பாப்பாவைத் தூங்கவைத்து, வீட்டு வாசல் கதவைச் சாத்தி மட்டும் வைத்தேன். தாழ்ப்பாளைப் போட்டால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அரியலூர் பஸ் ஒன்று நின்று போனது. இன்னொன்று நிற்காமல் போனது.

ஒன்பதே காலுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பையை இறக்கிவைத்தார். பாப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார்களே என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆறரைக்கே பொழுது சாஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் அங்க எனக்கு என்ன வேலை?"

ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்பதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்றாலும், அன்று அவர் எழுந்து போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது மட்டும் எந்தக் கிழமையிலும் செய்யக்கூடிய வேலைதான் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்துதான்.