வில்லடீனின் ஆலங்கட்டி

வில்லடீன் டாக்கெட் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். கடைசிப் பிள்ளை இறங்கின பிறகும், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்காமல் வண்டியைப் பூட்ட மாட்டாள். மனுஷர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். கெட்டவள் இல்லை. எங்கள் தேவாலயச் சபையில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் ஆளாகச் சூப்போடு போய் நிற்பாள். பாத்திரம் என்றைக்குத் திரும்பி வரும் என்றும் அங்கேயே கேட்டுவிடுவாள்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் நார்மன் ஊரில் கல்மழை கொட்டியது. புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதினதும் நாங்கள் உள்ளே ஓடாமல், வழக்கம்போல வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வில்லடீன் மட்டும் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு கல்லைப் பொறுக்கிவந்தாள். அளவு நாடா வைத்து அளந்தாள். நாலேமுக்கால் அங்குலம். மூன்று இடத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பெரிய கல் கிடைத்தால் யாரும் உருகவிட மாட்டார்கள். ஃப்ரீசரில் வைத்துவிட்டு புயல் மழையை ஆராய்கிற வானிலைக் கட்டடத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பருவத்தில் மூர் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த நாலரை அங்குலக் கல்தான் பெரியது என்று பேச்சு. அதை மிஞ்சிவிட்டோம் என்று வில்லடீனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அவள் தெருவில் கரண்ட் போயிருந்ததால், சபைச் சமையலறை ஃப்ரீசரில் கொண்டுவந்து வைத்தாள். மூடி போடவில்லை. திறந்ததும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு தட்டில் வைத்தாள். மகளுக்குப் பிரசவம் என்று மறுநாளே டல்சாவுக்குப் போய்விட்டாள்.

வானிலைக் கட்டடத்து ராய்ஸ் புயல்களை அளக்க அவற்றின் பின்னாலேயே கான்சாஸ் வரை போயிருந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, சபைச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தார். டல்சாவிலிருந்து திரும்பியிருந்த வில்லடீன் ஃப்ரீசரைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என் கல்லு இல்ல."

ராய்ஸ் அளந்து பார்த்தார். நாலேகால். முள் ஒன்றுகூட இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

வில்லடீன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே தினமும் தரை துடைக்கிறவள் நான். அவள் கண் என்மேல் ஒரு நிமிஷம் நின்றது. என் கண்ணோ சமையலறைப் பொறுப்பிலிருந்த கிளென்னா பர்டி பக்கம் போனது. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். சமையலறைச் சாவி கிளென்னாவிடம்தான் இருக்கும். கல்யாண விருந்துப் பழரசத்தில் மிதக்கவிட, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி உருண்டை உருண்டையாய் ஐஸ் உறையவைக்கிறவளும் அவள்தான்.

"கீழ போட்டு உடைச்சிட்டே. உன் கிண்ணத்து ஐஸை வெச்சுட்டே. அப்படித்தானே?" என்றாள் வில்லடீன். சாப்பாட்டுக்கு வந்திருந்த முப்பது பேருக்கும் கேட்டது.

கிளென்னாவின் முகம் சிவந்தது. "பஸ்ஸில தொப்பி காணாமப் போனாக்கூட பிள்ளைங்க பையைக் கொட்டிப் பார்ப்பே. இப்ப என் பையையும் கொட்டணுமா? இந்தா, பார்த்துக்கோ!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் ராய்ஸ். "இந்த மாதிரி ஃப்ரீசர் தானாவே பனி கட்டாம காயவெச்சுக்கும். மூடாம வெச்சா கல்லையும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். முள்ளுதான் முதல்ல போகும்."

"காத்து தின்னுச்சாக்கும்! கைதான் தின்னிருக்கும்."

ராய்ஸ் கோபப்படவில்லை. "அறுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும். வானத்துக் கல்லுன்னா உள்ள வெங்காயம் மாதிரி வளையம் வளையமா இருக்கும். கிண்ணத்து ஐஸுக்கு அது வராது. ஆனா அறுத்துட்டா கல்லு போச்சு. முழுசா இருந்தா எங்க கண்ணாடிப் பெட்டியில உங்க பேரோட வைக்கலாம்."

 வில்லடீன் பெயர் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதில்லை. சபைக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுத் தட்டின் அடியில் அவளே எழுதிக்கொண்டதுதான் உண்டு.

"அறுங்க சார்" என்றாள் கிளென்னா. "இல்லேன்னா நான் செத்தப்புறமும் ஐஸ் திருடின்னுதான் இவ சொல்லிட்டிருப்பா."

வில்லடீன் கிளென்னாவைப் பார்த்தாள். பிறகு ராய்ஸைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினாள்.

ராய்ஸ் அடுப்பில் சூடாக்கிய கம்பி ஒன்று கல்லுக்குள் மெல்ல இறங்கியது. கல் இரண்டாகப் பிரிந்தது. ராய்ஸ் ஒரு பாதியை விளக்குக்கு நேரே பிடித்தார். வெள்ளையும் கண்ணாடியுமாக, ஒன்றுக்குள் ஒன்று, ஏழெட்டு வளையங்கள். ஓரத்து வளையம் மூன்று இடத்தில் முடியாமல் வெட்டுப்பட்டு நின்றது.

"முள்ளு இருந்த இடம்" என்று விரலால் காட்டினார். "இது உங்க கல்லுதான்மா. நீங்க சொன்ன அளவை நான் நம்பறேன். ஆனா நான் அளந்ததைத்தான் எழுத முடியும்."

நாலேகால் என்று எழுதிக்கொண்டார். மூர்க்காரர் கல்தான் பெரியதாக நின்றது.

 கோழிக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. வில்லடீன் கூடத்தின் நடுவுக்கு வந்தாள். குற்றம் சொன்ன அதே சத்தத்தில், "கிளென்னா என் கல்லைத் தொடல. மூடாம வெச்சது நான். வாய்க்கு வந்ததைச் சொன்னதும் நான். எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றாள். பிறகு கிளென்னா முன்னால் போய் நின்றாள். "மன்னிச்சுடு சிஸ்டர்."

கிளென்னா துடைக்கும் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மன்னிக்கச் சொல்லி கர்த்தர் சொல்லியிருக்கார், மன்னிச்சுடுவேன். இன்னிக்கே மன்னிக்கணும்னு சொல்லல."

"சரி" என்றாள் வில்லடீன். "அதுவரைக்கும் உன் எதிர்லயே உக்காந்திருக்கேன்."

கிளென்னா சாப்பிட உட்கார்ந்ததும், தன் தட்டை எடுத்துவந்து அதே மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்தாள். கிளென்னா எழுந்து போகவில்லை. ஜெபத்துக்குக் கை கோத்தபோது மட்டும் வில்லடீன் பக்கம் கையை நீட்டாமல், பக்கத்திலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் கிளென்னாவைச் சந்தேகப்பட்டதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.