குரல் கொடுத்தால் நிற்கும் பஸ்

எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொழும்பில் இரண்டு வளாகங்கள். ஒன்று நகரத்தின் நடுவில், மற்றது கல்கிசைக்கும் அப்பால். இரண்டுக்கும் இடையில் ஒரு வெள்ளை பஸ் ஓடுகிறது. கட்டணம் இல்லை, கொண்டக்டர் இல்லை, அமுக்குவதற்கு மணியும் இல்லை. காலி வீதியில் தெற்கே போகும்போது நடுவழியில் அதற்குத் தரிப்பிடமும் கிடையாது. ஆனால் பின்னாலிருந்து யாராவது "பஹினவா" என்று சிங்களத்தில் குரல் கொடுத்தால், யாரோ இறங்கப்போகிறார்கள் என்று டிரைவர் ஓரங்கட்டி நிறுத்துவார். குரல் கொடுக்காதவர்களுக்குக் கடைசி வளாகம்தான்.

நான் குரல் கொடுக்காத ஆள். என் அறை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. வகுப்பு முடிந்து வரும்போது அந்த ஒழுங்கை வாசல் யன்னலுக்கு வெளியே வரும், போகும். நான் அதைப் பார்த்துக்கொண்டே தெஹிவளை தாண்டி, கல்கிசை தாண்டி, பஸ் வெறுமையாகும் இடத்தில் எல்லோரோடும் இறங்கி, எதிர்ப்பக்கம் கடந்து, நூறாம் நம்பர் பஸ் பிடித்துத் திரும்பி வருவேன். அதில் வெள்ளவத்தைச் சந்தியில் எப்படியும் நிறுத்துவார்கள். வாய் திறக்க வேண்டியதில்லை.

சிங்களம் தெரியாதென்றில்லை. பள்ளிக்கூடத்தில் படித்து நல்ல பெறுபேறும் எடுத்தேன், கடைப்பலகை எல்லாம் வாசிப்பேன். முதல் கிழமை துணிந்து கத்தியும் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே வேறு ஏதோ போலக் கேட்டது. பின் சீற்றிலிருந்து ஒருவன் அதை அப்படியே என் குரலில் திருப்பிச் சொன்னான். பஸ்ஸே சிரித்தது. கெட்ட சிரிப்பல்ல, டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். ஒரு சீனியர் அக்கா பக்கத்து ஒழுங்கையில் இருந்தா. அவ குரல் கொடுக்கும் நாட்களில் அவவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்குவேன்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணத்தில் நான் விவாதப் போட்டிக் கப்டன். வாய் கிழியப் பேசுவேன். "என்ர பிள்ளைக்கு வாய் ஒண்டு காணும், எங்க கொண்டுபோய் விட்டாலும் பிழைச்சிடுவாள்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தா. அதனால் போனில் அளந்தேன். கம்பஸ் பஸ் எங்கள் ஒழுங்கை வாசலிலேயே நிற்கும், எனக்காகவே நிறுத்துவார்கள் என்றேன். அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்த நாளில் சீனியர் அக்கா பஸ்ஸில் இல்லை. அம்மா காலையில் கொழும்பில் வந்திறங்கி, கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, பின்னேரம் வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறா. நேரே அறைக்குப் போயிருக்கலாம். ஆனால் மகள் கம்பஸ் பஸ்ஸிலிருந்து இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒழுங்கை வாசலிலேயே நின்றுவிட்டா. சாயம் போன நூல் சீலை, உரப்பையில் தைத்த பை, அதற்குள்ளிருந்து பேப்பரில் சுற்றிய முருங்கைக்காய்க் கட்டு ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் நெரிசலில் ஊர்ந்தது. அம்மா என்னைக் கண்டுவிட்டா. கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினா.

நான் வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. என் பக்கத்திலிருந்தவள் யாருக்குக் கை காட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். நான் குனிந்து என் பைக்குள் எதையோ தேடினேன். பையில் தேட ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது பஸ் ஒழுங்கையைத் தாண்டியிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கை இறங்கிக்கொண்டிருந்தது.

கல்கிசைக்கு அப்பால் போய் இறங்கித் திரும்பி வரும்வரை என்ன பொய் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன். எவ்வளவு கேவலம். அறைக்கு வந்தபோது அம்மா வீட்டுக்கார ஆன்ரியோடு குசினியில் இருந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா.

"பிள்ளைக்கு அங்க இன்னொரு வகுப்பு இருந்திருக்கும். அதாலதான் இறங்கேல்ல" என்று அம்மா ஆன்ரிக்குச் சொன்னா. என்னைப் பார்க்காமலே சொன்னா.

"ஓம் அம்மா, வகுப்பு" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

இரவு படுக்கும்போதுதான் சொன்னா. குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "அடுத்த முறை வரேக்க நல்ல சீலை ஒண்டு கட்டிக்கொண்டு வாறன், என்ன. உந்தச் சீலையோட றோட்டில வந்து நிண்டது என்ர பிழை. உன்னோட படிக்கிற பிள்ளையள் என்ன நினைப்பினம்."

சீலை இல்லையம்மா, என் வாய்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அம்மா ஊரெல்லாம் பெருமைப்பட்ட அந்த வாயை நானே கீழே போட்டு உடைக்க வேண்டும். அம்மா தன்னைத்தான் குறைத்துக்கொண்டா, என்னையல்ல. அதை அப்படியே விட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, நித்திரை போல மூச்சு விட்டேன்.

அம்மா போன பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு "பஹினவா, பஹினவா" என்று சொல்லிப் பழகினேன். ஆன்ரி கதவைத் தட்டி, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டா. மானம் கப்பலேறியது. ஆனாலும் விடவில்லை.

அடுத்த முறை அம்மா வரும் நாளை முன்கூட்டியே சொல்லியிருந்தா. அன்று பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒழுங்கை வந்தது, வாசலில் அம்மா இல்லை. பிறகுதான் கண்டேன். பழ வண்டிக்குப் பின்னால், பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒதுங்கி நின்றா. மயில்நிறப் பட்டுச்சீலை, தோளில் ஒரு ஹாண்ட்பேக். கை காட்டவில்லை. பஸ்ஸைப் பார்க்கவும் இல்லை, ரம்புட்டான் பார்ப்பது போல நின்றா.

கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். உச்சரிப்பு பழையபடி கோணல்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஹரி ஹரி, நங்கி", சரி சரி தங்கச்சி, என்று டிரைவர் பிரேக் போட்டார். அவ்வளவுதான். இத்தனை காலமும் கல்கிசை போய் வந்த காரியம் இவ்வளவுதான்.

ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப் பிடித்தேன். அம்மா என் தோளுக்கு மேலாகப் போகிற பஸ்ஸைப் பார்த்தா. யன்னல்களில் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவசரமாகக் கொசுவத்தைச் சரிசெய்தா. முகம் மலர்ந்திருந்தது.

"பெரியம்மாவின்ர சீலை, இரவல் வாங்கினது. இது பரவாயில்லைத்தானே? நீயும் இறங்கி வந்திட்டாய்."

சிங்களத்தில் கத்திய வாய் அம்மாவிடம் தமிழில் திறக்கவில்லை. திறந்தபோதும் வேறொன்றுதான் வந்தது.

"ஓம் அம்மா, நல்லாயிருக்கு."

இப்போது ஒவ்வொரு நாளும் குரல் கொடுத்து ஒழுங்கை வாசலில்தான் இறங்குகிறேன். அம்மா வரும்போதெல்லாம் முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சீலை மாற்றிக்கொண்டுதான் வெள்ளவத்தைக்கு வருகிறா. முருங்கைக்காய் கொண்டுவருவதில்லை.